புரூகலின் பனியைக் காப்பி அடித்த கதை

காப்பி அடிப்பது தப்பு என்று பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். ஆயில் பெயிண்டிங்கில் அதுதான் பாடமுறையே. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793ல் திறந்த நாளிலிருந்து ஓவியர்கள் உள்ளே உட்கார்ந்து பழைய ஓவியங்களைக் காப்பி எடுக்க அனுமதித்து வருகிறது. எனக்கு ஓவிய ஆசிரியர் யாரும் கிடையாது. வார இறுதியில் கிடைக்கும் நான்கு மணி நேரமும், பால்கனியை ஒட்டிய ஒரு மூலையும்தான் இருந்தன. அதனால் நானும் ஒரு பழைய ஓவியத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

எடுத்துக்கொண்டது பீட்டர் புரூகல் 1565ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. அசல் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓக் மரப் பலகையில் எண்ணெய் வண்ணம், 117 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம். தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், கேமரா நிதானமாக மேய்ந்து போகும் ஓவியம் இதுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம், ஒரு மேட்டின் விளிம்பில், மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய்க் கூட்டம், எல்லாம் சோர்ந்துபோய். அவ்வளவு நாய்களும் மூன்று ஆட்களும் சேர்ந்து பிடித்தது ஒரே ஒரு நரி. அது ஒருவரின் தோளில் சாய்ந்த கோலில் தொங்குகிறது. இடது ஓரத்தில் ஒரு விடுதி, அதன் வாசலில் தீ மூட்டிக்கொண்டிருக்கும் சிலர். கறுத்த மரங்கள் வரிசையாகச் சரிவில் இறங்குகின்றன. கீழே பள்ளத்தாக்கில் உறைந்த குளங்கள், அவற்றின் மேல் சறுக்கி விளையாடும் எறும்பளவு மனிதர்கள். ஒரு நீராலை, அதன் சக்கரமும் உறைந்து நிற்கிறது. ஒரு சிறு பாலத்தின் மேல் விறகுக்கட்டோடு போகும் ஒரு பெண். தூரத்தில் கூர்மையான பனிமலைகள். புரூகலின் ஊர்ப்பக்கம் மலையே கிடையாது. 1550களின் தொடக்கத்தில் இத்தாலிக்குப் போய் வந்தபோது ஆல்ப்ஸில் பார்த்த மலைகளைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்.

ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாஸ் யோங்கலின்க் வீட்டுக்காக, வருடத்தின் மாதங்களை வைத்து வரைந்த வரிசையில் இது ஒன்று. அதில் ஐந்துதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில், ஒன்று நியூயார்க்கில். வரைந்த மறுவருடமே அந்த வணிகர், நண்பர் ஒருவரின் கடனுக்காக தன் ஓவியச் சேகரிப்பை நகராட்சியிடம் ஈடு வைத்தார். அந்தப் பட்டியலில் புரூகலின் ஓவியங்கள் மட்டும் 16. இது சும்மா தகவலுக்கு.

ஏன் இந்த ஓவியம்? பனியைத் தெரியும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். 2009 ஜனவரியில் ஆன்சைட்டாக மின்னசோட்டா போனேன். பவானிப் பக்கத்துப் பையனுக்குப் பனி என்றால் மார்கழியில் வாய்க்கால் மேல் நிற்கும் புகை மாதிரியான விஷயம்தான். தமிழில் அதற்கும் பனி, இதற்கும் பனி. போன இரண்டாம் நாள் அம்மா போனில் கேட்டார், “பனி எப்படிக் கண்ணு இருக்குது?” நான் சொன்னேன், “வெள்ளையா இருக்குதும்மா. எங்க பாத்தாலும் வெள்ளை.” போட்டோவும் அனுப்பினேன். போட்டோவில் பனி சாம்பலாக, கொஞ்சம் நீலம் பாரித்து வந்திருந்தது. கேமரா மட்டம் என்று முடிவுகட்டினேன்.

கேமரா மட்டமில்லை. தானியங்கி கேமரா எந்தக் காட்சியையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. காட்சி முழுக்கப் பனி என்றால் அதையும் சாம்பலுக்கு இறக்கிவிடும். ஆக, கேமரா ஒரு பக்கம் தவறியது. நான் இன்னொரு பக்கம் தவறினேன். என் தவறு புரிய பதினைந்து வருடமும் ஒரு பாழான பலகையும் தேவைப்பட்டன.

முதல் பலகையை அசலில் சரியாகக் கால் பங்காக வெட்டி வாங்கினேன். ஹார்ட்போர்டு, 40.5 செ.மீ. அகலம், 29 செ.மீ. சொச்சம் உயரம். மேலே இரண்டு கோட் வெள்ளை ஜெஸ்ஸோ. கட்டம் போட்டு பென்சிலில் வரைந்தேன். அதுவரை பிரச்சினை இல்லை. கட்டம் போடத் தெரிந்தால் யாரும் செய்யலாம். பிறகு பனிக்கு டைட்டானியம் ஒயிட்டை டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே பூசினேன். யூடியூபில் பார்த்தபடி நிழலுக்கு நீலம். இரண்டு வாரம் கழித்து, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “ஏன் கண்ணு, சுண்ணாம்பு அடிச்ச செவுத்தாட்டம் இருக்குது?”

அதைவிடச் சரியான விமர்சனம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. பனி இல்லை அங்கே. வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. வேட்டைக்காரர்கள் அதன் மேல் ஸ்டிக்கர் மாதிரி மிதந்துகொண்டிருந்தார்கள்.

சாஃப்ட்வேர் புத்தி சும்மா இருக்குமா? வியன்னா அருங்காட்சியகம் 2018ல் புரூகலுக்காகப் பெரிய கண்காட்சி நடத்தியபோது, தங்களிடமுள்ள அவருடைய ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படமெடுத்து, அகச்சிவப்பு, எக்ஸ்ரே படங்களோடு இணையத்திலும் போட்டார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் பிரஷ் மயிர் ஓடிய தடம்வரை தெரியும். அந்தப் படத்தில் பனி இருக்கும் இடங்களை வண்ணம் எடுக்கும் கருவியால் தொட்டு எண்களைப் பார்த்தேன். 255க்குப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பெரும்பாலும் 200ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும். மூன்று எண்களில் நீலம்தான் குறைவு. அதாவது மங்கலான ஒரு மஞ்சள் சாம்பல். ஒரு சதுரத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்தால் பழைய செய்தித்தாள் நிறம். அதை மறுபடி படத்துக்குள் வைத்தால் பனி. (பழைய வார்னிஷும் நானூற்றுச் சொச்சம் வருடங்களும் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டியிருக்கும். ஆனால் அதைக் கழித்தாலும் டியூப் வெள்ளை வராது.)

எம்.ஐ.டி. பேராசிரியர் எட்வர்ட் ஏடல்சன் 1995ல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் பலரும் பார்த்திருப்பீர்கள். நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். நம்பவே முடியாது, அளந்தால்தான் தெரியும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரால் இதே விஷயத்தில் மாட்டிக்கொண்டார். கறுப்பு நூல் வெளிறிப்போய் இருக்கிறது என்று புகார் வந்தது. நூலைச் சோதித்தால் குற்றமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. 1839ல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் கண் ஒரு நிறத்தைப் படிக்கிறது.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். தெரிந்திருந்தும் ஏன் டியூப் வெள்ளையைப் பூசினேன்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெள்ளைப் பலகையில் எந்தச் சாம்பலை வைத்தாலும் அது அழுக்காகத் தெரியும். சுற்றிலும் ஜெஸ்ஸோ பளீரென்று இருக்கிறதே! உடனே கை தானாக வெள்ளையைக் கூட்டும். இன்னும் அழுக்காகவே தெரியும். இன்னும் கூட்டும். கடைசியில் டியூபில் இருக்கும் வெள்ளையில்தான் போய் நிற்கும். அதற்கு மேல் ஏற இடமில்லை. எண்ணெய் வண்ணத்தின் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சிப்போனால் சில பத்து மடங்குதான். வெளியுலகில் அது ஆயிரக்கணக்கில் போகும். அந்தச் சின்னப் படிக்கட்டின் உச்சிப்படியிலேயே பனி முழுவதையும் உட்கார வைத்துவிட்டால், பனிக்குள் மேடு பள்ளம் காட்ட ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டாவது பலகையில் முதல் வேலையாக அந்த வெள்ளையை ஒழித்தேன். ரா அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கத் தடவி, துணியால் ஒற்றி எடுத்தேன். பலகை வெல்லப்பாகு கலந்த பால் நிறத்துக்கு வந்தது. அதன் மேல் அதே செய்தித்தாள் சாம்பலை ஒரு தீற்று வைத்தேன். சத்தியமாக, பனி தெரிந்தது. ஒரே கலவை, போன தடவை அழுக்கு, இந்தத் தடவை வெளிச்சம்.

இன்னொரு உபாயமும் கைகொடுத்தது. சாம்பல் நிற அட்டை ஒன்றில் பேப்பர் பஞ்ச்சால் இரண்டு ஓட்டைகள். ஒரு ஓட்டையை ஓவியத்தின் பிரிண்ட் மேல் வைத்து நிறத்தைப் பார்ப்பது, இன்னொன்றை பேலட்டில் கலந்த வண்ணத்தின் மேல் பிடிப்பது. சுற்றுப்புறம் மறைந்துவிடுவதால் கண் ஏமாற வழியில்லை. கணினியில் எண் எடுப்பதைவிட இது நல்லது. ஏனென்றால் அந்த எண் திரைக்கானது, டியூபுக்கானது இல்லை. திரையில் மூன்று ஒளிகள் கூடுகின்றன. பேலட்டில் நிறப்பொடிகள் ஒளியை விழுங்குகின்றன. கலக்கும் கணக்கே வேறு.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஓவியத்தில் வானம் பனியைவிட இருட்டு. கரும்பச்சை கலந்த சாம்பல். கீழே உறைந்த குளங்களிலும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். முதலில் இது ஓவியரின் கற்பனை என்றே நினைத்தேன். வெளிச்சம் வானத்திலிருந்துதானே வருகிறது, தரை எப்படி அதைவிடப் பிரகாசமாகும்? மூன், ஸ்பென்சர் என்ற இருவர் 1942ல் மேகம் மூடிய வானத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதன்படி உச்சிவானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசம். புதுப்பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கணக்குப் போட்டால், உச்சிவானத்தை 1 என்று வைத்தால் அடிவானம் 0.33, பனித்தரை ஏறக்குறைய 0.66. பனியிலிருந்து எழும் ஒளி மேகத்தை மறுபடி கொஞ்சம் வெளுக்க வைக்கும் என்பதால் நிஜத்தில் இந்த இடைவெளி குறையும். ஆனாலும் பனி அடிவானத்தை முந்துவது சாத்தியம்தான். நாம் பார்ப்பது உச்சியை அல்ல, அடிவானத்தை. புரூகல் சூத்திரம் போடவில்லை, பார்த்தார். 1564-65 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையானது, பார்க்க நிறையவே கிடைத்திருக்கும்.

அந்த வானநிறத்தைக் கலக்க டியூப் பச்சை தேவையே இல்லை. ஐவரி பிளாக்கோடு யெல்லோ ஆக்கர் சேர்த்தால் ஒரு மந்தமான பச்சை வரும். கறுப்பு கலவையில் கறுநீலம் மாதிரி நடந்துகொள்கிறது. அதில் வெள்ளை சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

மேகம் மூடிய நாள் என்றதும் என் நீல நிழல்களின் குட்டும் உடைந்தது. பனியில் நீல நிழல் வருவது வெயில் அடிக்கும்போது. நிழலுக்குள் சூரிய ஒளி போகாது, நீலவானத்தின் ஒளி மட்டும் போகும். மோனே 1868-69ல் வரைந்த ‘மேக்பை’ அப்படிப்பட்டது, வேலியின் நிழல் நீலமாகப் பனியில் கிடக்கும். நான் யூடியூபில் பார்த்த பாடமெல்லாம் அந்த வழி வந்தவை. புரூகலின் ஓவியத்தில் சூரியனே இல்லை. தரையில் விழும் நிழல் ஒன்றுகூட இல்லை. மோனேவின் நிழலைக் கொண்டுபோய் புரூகலின் ஆட்களுக்கு மாட்டியிருக்கிறேன்.

நிழலும் இல்லாமல் ஆட்களை எப்படித் தரையில் நிறுத்துவது? இதில்தான் அதிக நாள் போயிற்று. அருங்காட்சியகத்தின் படத்தைப் பெரிதாக்கி கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டைக்காரர்களின் உடலுக்கு வெட்டிவைத்த மாதிரி விளிம்பு, ஆனால் பாதத்தில் அந்தக் கூர்மை இல்லை. பனி பாதத்தைக் கொஞ்சம் விழுங்கியிருக்கிறது. நடந்து வந்த தடங்கள் பின்னால் குழிகளாகக் கிடக்கின்றன. முழங்கால் மடிந்திருக்கிறது, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் முகமும் நமக்குச் சரியாகத் தெரியாது, ஆனாலும் களைப்பு தெரிகிறது. நான் என்ன செய்திருந்தேன்? சட்டைக்கும் தொப்பிக்கும் ஒரு மணி நேரம் செலவழித்து, பாதத்தை ஒரு கறுப்புக் கோட்டில் முடித்திருந்தேன். இந்த முறை உடைகளைப் பழுப்பு, கறுப்பு என்று தட்டையாக நிரப்பிவிட்டு, பாதத்தின் கீழ்விளிம்பை மட்டும் பனி வண்ணத்தால் ஈரத்தோடு ஈரமாக இழுத்துவிட்டேன். தடங்களுக்கு, பனி நிறத்தைவிட ஒரு படி இறங்கிய சாம்பல். மிதந்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

மரக்கிளைகளில் இதற்கு நேர் எதிர். ஈர வானத்தின் மேல் கறுப்புக் கிளை போட்டால் இரண்டும் கலந்து சேறு. வானம் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காய்வது என்றால் தண்ணீர் காய்வது மாதிரி இல்லை. டர்பன்டைன் ஆவியாகும், ஆளிவிதை எண்ணெய் ஆவியாகாது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது, எடைகூடக் கூடும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் ஒருநாள், இரண்டு நாளில் தொடலாம். டைட்டானியம் ஒயிட் ஒரு வாரம் இழுக்கும். பனி ஓவியம் முழுக்க வெள்ளைதானே, பொறுமை இல்லாதவர்கள் வேறு காட்சி எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆக்சிஜன் வேலையில் சூடும் கிளம்பும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. விரித்துக் காயவிடுங்கள். டர்பன்டைனைத் திறந்த ஜன்னலோரம் மட்டும் பயன்படுத்துங்கள். எனக்கு முதல் வாரமே தலைவலி வந்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னைப் பால்கனிக்குத் துரத்தினார்கள்.

சறுக்குபவர்கள் இன்னொரு கண்டம். கால் பங்கு அளவில் அவர்கள் ஒரு சென்டிமீட்டர்கூட வரவில்லை. எனக்கோ வெள்ளெழுத்து ஆரம்பித்தாயிற்று, கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. ஒரு சென்டிமீட்டர் ஆளுக்குத் தலை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நான் வைத்ததெல்லாம் மூன்று மில்லிமீட்டர், குளம் முழுக்கக் குழந்தைகள். தலையை முதலில் வைப்பதுதான் தவறு. உடம்பின் சாய்வை ஒரு தீற்றலாக முதலில் போட்டு, காலுக்கு ஒரு பிளவு இழுத்து, கடைசியில் தலையை ஊசிமுனை அளவு தொட வேண்டும். மூன்று தொடுகை. நாலாவது தொட்டால் கெட்டுப்போகும்.

காப்பி எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது புரூகலின் மூத்த மகனை விட்டுவிட முடியாது. அவர் பெயரும் பீட்டர்தான். அப்பா 1569ல் இறந்தபோது பையனுக்கு நாலைந்து வயது. அப்பாவிடம் ஒரு கோடு போடக்கூடக் கற்றிருக்க வழியில்லை. வளர்ந்து, வாழ்நாளெல்லாம் அப்பாவின் ஓவியங்களைக் காப்பி எடுத்தே பிழைத்தார். அப்பாவின் இன்னொரு பனிக்காட்சி, பறவைப்பொறி இருக்கும் கிராமத்து ஓவியம், அதற்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இன்று இருக்கின்றன. அவரும் அவர் பட்டறையும் மற்றவர்களும் செய்தவை. அவருடைய பிரதிகளின் அடியில் அகச்சிவப்பில் கரித்தூள் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. தாளில் கோட்டின் வழியே ஊசியால் துளைகள் போட்டு, மேலே கரித்தூளைத் தட்டி உருவத்தை இறக்கும் முறை. நம்மூரில் ஓட்டைத் தகட்டில் கோலப்பொடி தட்டுகிறோமே, அதே உத்தி. கோடுகளை இப்படி இறக்கிவிடலாம். பனியின் சாம்பலை எந்தத் துளையாலும் இறக்க முடியாது, அதை ஒவ்வொரு முறையும் அவரே கலந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் அப்பாவின் கையைத் தேடிக்கொண்டிருந்தாரோ, வயிற்றுப்பாட்டை மட்டும் பார்த்தாரோ. என் ஊகம் முதலாவது பக்கம் சாய்கிறது, ஆதாரம் கேட்காதீர்கள்.

என் இரண்டாவது பலகை நான்கு மாதத்தில் முடிந்தது. நல்ல ஓவியம் என்று சொல்லமாட்டேன். மலைகள் மாவு மாதிரி இருக்கின்றன, நாய்களில் இரண்டு ஆடு போல வந்துவிட்டன. விடுதி வாசல் தீ எடுபடவில்லை. ஆனால் பனி இருக்கிறது. 2009ல் அனுப்பிய அந்தப் போட்டோவைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் மேகம் மூடித்தான் இருந்திருக்கிறது. அபார்ட்மென்ட் பின்னால் வானம் பனியைவிட இருட்டாக இருக்கிறது. நான் அங்கே நின்றுகொண்டுதான் “எங்க பாத்தாலும் வெள்ளை” என்று சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு அம்மா வந்தபோது பலகையை ஒன்றும் சொல்லாமல் ஹால் அலமாரியில் வைத்திருந்தேன். காபி குடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். சுண்ணாம்புப் பேச்சு வரவில்லை. வேட்டைக்காரர்களைப் பற்றியும் கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போய், பாலத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தப் பொம்பள வெறகு தூக்கிட்டுப் போறாளே கண்ணு, இத்தன குளுருல காலுக்குச் செருப்பு கிருப்பு இருக்குதா அவளுக்கு?”

என் பலகையில் அவள் மூன்று தொடுகை, செருப்புக்கு இடமில்லை. அசலில் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம்மா என்று லேப்டாப்பை எடுக்கப் போனேன்.